ஏடு, புதினம், சின்னத்திரை: திப்புவின் வாளை முன்வைத்து

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் நடைபெற்ற பேச்சுப் போட்டியில் மாணவர் ஒருவர் திப்பு சுல்தானைப் பற்றி உரையாற்றினார். சுல்தான் தம் தளபதிகளிடம் நிகழ்த்தியதாக ஒரு நீண்ட உரையாடலை அவர் ஏற்ற இறக்கத்தோடு எடுத்துரைத்தபோது அவையில் பலர் கண் கலங்கினர். நடுவராக அமர்ந்திருந்த நான், போட்டி முடிந்த பின் அவரை அழைத்து, "இந்த உரையாடலை எந்த நூலில் படித்தீர்?" என்று வினவினேன். அவர் சற்றும் தயங்காமல், "படிக்கவில்லை ஹஜ்ரத், பார்த்தேன்" என்றார். தூர்தர்ஷனில் முன்பு ஒளிபரப்பான தொடரைத் தம் கைப்பேசியில் அவர் பார்த்திருக்கிறார்.

அவரைக் கடிந்துகொள்ள வாயெடுத்த எனக்கு என் நினைவே குறுக்கே வந்தது. ஆடாக நெடுங்காலம் வாழ்வதைவிடப் புலியாகச் சிறுபொழுது வாழ்வது மேல் என்னும் கருத்தில் சுல்தானின் பெயரால் வழங்கும் கூற்றை நானும் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறையேனும் தேடியதில்லை. பின்னர் தேடியபோது, அக்கூற்று இடத்துக்கு இடம் உருமாறியிருப்பதைக் கண்டேன். ஓரிடத்தில் புலி, மற்றோரிடத்தில் சிங்கம். ஓரிடத்தில் ஆடு, வேறிடத்தில் நரி. ஒரு நாள் என்பாரும் உளர், இரு நாள் என்பாரும் உளர். ஆண்டுகளோ நூறு என்றும் இருநூறு என்றும் வருகின்றன. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், ஆங்கிலப் படை அதிகாரி அலெக்ஸாண்டர் பீட்ஸன் வெளியிட்ட நூலில் புலியும் ஆடுமே உள்ளன. நான் மேடையில் முழங்கியதோ சிங்கமும் நரியும். மாணவர் சின்னத்திரையிடமிருந்து பெற்றார்; நான் செவிவழிச் செய்தியிடமிருந்து பெற்றேன். எங்கள் இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு அவ்வளவுதான்.

வரலாற்றுப் புதினத்தையும் அதினின்று எழுந்த தொலைக்காட்சித் தொடரையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை யாது, அவற்றை வரலாற்றின் முன் நிறுத்துவது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

புதினமும் தொடரும்

பகவான் எஸ். கித்வானி கராச்சியில் பிறந்த சிந்தி எழுத்தாளர். இந்திய அரசின் வான்போக்குவரத்துத் துறையில் உயர்பொறுப்பு வகித்தவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'திப்பு சுல்தானின் வாள்' என்னும் புதினம் 1976இல் வெளிவந்தது. ஆங்கிலேயர் எழுதிவைத்த கொடுங்கோலன் சித்திரத்துக்கு மாற்றாக, அந்நிய ஆதிக்கத்தை இறுதிவரை எதிர்த்து நின்ற, சமயப் பொறையுடைய மன்னராக சுல்தானை அது வரைந்து காட்டியது. அது வரலாற்றுப் புதினம் என்பதை நூலாசிரியர் மறைக்கவில்லை. நூலின் துணைத்தலைப்பே அதனை அறிவித்தது.

அப்புதினத்தைத் தழுவி சஞ்சய் கான், அக்பர் கான் ஆகியோர் இயக்கிய தொடர் 1990இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. மொத்தம் 60 பகுதிகள். சுல்தானாக சஞ்சய் கானும், ஹைதர் அலியாக ஷாபாஸ் கானும் நடித்தனர், இசையமைத்தவர் நவ்ஷாத். ஒளிபரப்புக்கு முன்னரே அத்தொடர் பெருந்துயரம் ஒன்றைக் கடந்து வந்தது. 1989 பிப்ரவரி 8ஆம் நாள் மைசூரிலுள்ள படப்பிடிப்புத் தளத்தில் மூண்ட தீயில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சஞ்சய் கானும் கடுந்தீக்காயமுற்று நெடுநாள் மருத்துவமனையில் இருந்தார்.

கேரளத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் தொடரப்பட்டது. இறுதியில், இது கித்வானியின் புதினத்தின் நாடக வடிவமேயன்றி உண்மை வரலாறாக உரிமை கொண்டாடவில்லை என்றும், சுல்தானின் வாழ்க்கையோடோ ஆட்சியோடோ இதற்குத் தொடர்பில்லை என்றும் பொருள்படும் அறிவிப்பைத் தாங்கியே தொடர் ஒளிபரப்பாயிற்று.

அந்த அறிவிப்பைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அனைத்தும் கற்பனை என்கிறது அறிவிப்பு. கண்முன்னே ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையும், ஹைதர் அலியும், ஆங்கிலப் படையும் தோன்றுகின்றன. அனைத்தும் உண்மை என்று நம்பிய என் மாணவர் பிழைபட்டார் எனில், அனைத்தும் கற்பனை என்று கூறிய அறிவிப்பும் பிழைபட்டதே. உண்மை இவ்விரண்டுக்கும் நடுவே, தரம் தரமாகப் பிரிந்து கிடக்கிறது. அதைப் பிரித்தறியும் பொறுப்பைப் பார்வையாளரிடம் விட்டுவிட்டு இரு தரப்பாரும் விலகிக்கொண்டனர்.

திரைக்கு இல்லாத ஒரு விகுதி

தமிழில் 'ஆம்' என்றொரு சிறிய இடைச்சொல் உண்டு. 'வந்தான்' என்றால் சொல்பவர் பொறுப்பேற்கிறார். 'வந்தானாம்' என்றால் கேட்டதைச் சொல்கிறார். நம் பாட்டிமார் கதை சொல்லும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் இவ்விகுதியால் முடிப்பர். கேட்கும் குழந்தையும் தான் கேட்பது கதை என்பதை அந்த ஓரெழுத்து நீட்சியிலேயே அறிந்துகொள்ளும்.

ஹதீஸ் கலையிலும் இதற்கு நிகரான ஓர் ஒழுங்கு உண்டு. உறுதியான அறிவிப்பை எடுத்துரைக்கும்போது 'கால', அதாவது 'கூறினார்' என்று செய்வினையில் சொல்வர். இது 'ஸீகத்துல் ஜஸ்ம்' எனப்படும். பலவீனமானதை 'கீல', 'ருவிய', அதாவது 'கூறப்பட்டது', 'அறிவிக்கப்பட்டது' என்று செயப்பாட்டு வினையில் சொல்வர். இது 'ஸீகத்துத் தம்ரீள்'. பலவீனமான செய்தியை உறுதி வினையால் சொல்வதை இமாம் நவவி (ரஹ்) போன்றோர் வன்மையாகக் கண்டித்துள்ளனர். வினையின் வடிவமே செய்தியின் தரத்தைக் கேட்பவருக்கு அறிவித்துவிட வேண்டும் என்பது அவர்களின் கருத்து.

வரலாற்றாசிரியருக்கு இவ்வாய்ப்பு முழுமையாக உண்டு. புதின ஆசிரியருக்கும் ஓரளவு உண்டு. கதை சொல்லும் குரல் ஓரிடத்தில் தயங்கலாம், இப்படியும் சொல்வார்கள் என்று இரண்டு வழக்குகளைத் தரலாம், ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் புகுந்து அவனது ஐயத்தைக் காட்டலாம். ஒளிப்படக் கருவிக்கு 'ஆம்' விகுதி கிடையாது. அது காட்டுவதெல்லாம் 'வந்தான்' என்றே முடியும். ஏட்டில் ஐயத்தோடு நின்ற செய்தி புதினத்தில் பாதி உறுதியாகி, திரையில் முழு உறுதியாகிவிடுகிறது. எவரும் திட்டமிட்டுப் பொய் சொல்லாமலேயே இம்மாற்றம் நிகழ்ந்துவிடும்.

வேறு மாற்றங்களும் இதனோடு சேர்கின்றன. அறுபது பகுதிகள் கொண்ட தொடருக்கு, ஒவ்வொரு வாரமும் பார்வையாளர் திரும்பி வருமாறு ஒரு முடிச்சு வேண்டும். முகம் தெரிந்த பகைவன் வேண்டும். நிலவரி, பீரங்கி வார்ப்பு, பிரெஞ்சுக்காரரோடு கடிதப் போக்குவரத்து, மராட்டியரும் நிஜாமும் ஆங்கிலேயரோடு சேர்ந்த கணக்கு ஆகியன மைசூரின் விதியைத் தீர்மானித்த காரணிகள். இவற்றைக் காட்சியாக்குவது கடினம். ஒரு துரோகியின் புன்னகையைக் காட்டுவது எளிது. ஆகவே காரணிகள் சுருங்கி மனிதர்கள் பெருக்கின்றனர். மொழியும் அவ்வாறே. மைசூர் அரசின் ஆவணங்கள் பாரசீகத்திலும், கணக்குகள் கன்னடத்திலும் மராத்தியிலும் எழுதப்பட்டன. அரண்மனையில் தக்கினி உருது புழங்கியது. தொடரில் அனைவரும் ஒரே அவைமொழியில் பேசுகின்றனர். மக்களின் பன்மொழி வாழ்வு அதனால் மறைந்துபோகிறது.

கதைசொல்லிகளும் இமாம்களும்

இது சின்னத்திரை கொண்டுவந்த புதிய சிக்கல் என்று எண்ண வேண்டாம். பள்ளிவாசல்களிலும் சந்தைகளிலும் கூட்டம் கூட்டிக் கதை சொன்ன 'குஸ்ஸாஸ்' என்னும் கதைசொல்லிகளைப் பற்றி இமாம் இப்னுல் ஜவ்ஸி (மறைவு ஹிஜ்ரி 597) தனி நூலே எழுதினார். அவர்களின் பொய்களை எச்சரித்து இமாம் ஸுயூத்தி (மறைவு ஹிஜ்ரி 911) மற்றொரு நூல் யாத்தார்.

இவ்விடத்தில் நம் உலமாக்கள் வழக்கமாக எடுத்துரைக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. பக்தாதில் ருஸாஃபா பள்ளிவாசலில் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்), இமாம் யஹ்யா இப்னு மயீன் (ரஹ்) ஆகிய இருவரும் தொழுதுவிட்டு அமர்ந்திருந்தனராம். கதைசொல்லி ஒருவர் எழுந்து, அவ்விருவருமே தமக்கு அறிவித்ததாகக் கூறி நீண்டதொரு பொய்ச் செய்தியைச் சொன்னாராம். இமாம்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பின்னர் அவரை அழைத்து, 'நாங்கள்தாம் அவ்விருவர். இதை நாங்கள் அறிவிக்கவேயில்லையே' என்றனராம். அவரோ, உலகில் உங்களைத் தவிர வேறு அஹ்மதும் யஹ்யாவும் இல்லையென்று எண்ணிக்கொண்டீர்களா, பதினேழு அஹ்மத் இப்னு ஹன்பல்களிடம் நான் எழுதி வைத்திருக்கிறேன் என்று நகையாடிச் சென்றாராம்.

சுவையான நிகழ்ச்சி. பொய்க்கதையை எச்சரிக்க இதைவிடச் சிறந்த கதை கிடைக்காது. ஆனால் இமாம் தஹபி (ரஹ்) இந்நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்து, இதை அறிவித்தவர் யாரென்றே அறியப்படவில்லை, இது அவரே புனைந்ததாக இருக்கலாம் என அஞ்சுவதாகக் குறித்துள்ளார். தம் கலைக்கு ஆதரவாக நிற்கும் கதையைக்கூட அவர் சலுகை காட்டி விட்டுவிடவில்லை. மேலே நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'ஆம்' என்று முடித்ததற்குக் காரணம் அதுவே.

காட்சிகளைத் தரம் பிரித்தல்

இம்முறையைக் கையில் கொண்டு சுல்தானின் வரலாற்றுக்கு வருவோம். புதினமோ தொடரோ எதுவாயினும், அதன் பொருளாகும் நிகழ்ச்சிகளைச் சில தரங்களாகப் பிரிக்கலாம்.

முதல் தரம், இரு தரப்பாரும் ஒப்புக்கொள்ளும் நிகழ்ச்சி. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையைச் சூழ்ந்து அழித்தனர். ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததும், பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மாண்டதும் ஆங்கில ஏடுகளிலேயே உள்ளன. வென்றவர்களோ அக்காட்சியை தரியா தவ்லத் மாளிகையின் சுவரில் ஓவியமாகத் தீட்டிவைத்தனர்; இன்றும் அதைக் காணலாம். பகைவரும் நண்பரும் ஒருசேர உரைக்கும் இத்தகைய செய்தியை 'முதவாத்திர்' என்பதற்கு ஒப்பிடலாம்.

இரண்டாம் தரம், நிகழ்ச்சி உறுதி, பொருள் மாறுபட்டது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சுல்தான் தம் ஆட்சிப்பரப்பில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் தர நேர்ந்தது. சிறுவர்களான தம் மக்கள் அப்துல் காலிக், முயிஸுத்தீன் இருவரையும் பிணையாக அனுப்பினார். போர்க்களத்துக்கு வந்திருந்த ராபர்ட் ஹோம் முதலான ஓவியர்கள், கார்ன்வாலிஸ் அச்சிறுவர்களைத் தந்தைபோல் வரவேற்பதாகத் தீட்டினர். அதே நிகழ்ச்சி நம் பக்கத்துக் கதைகளில் தந்தையின் நெஞ்சு பிளந்த நாளாகச் சொல்லப்படுகிறது. நாள், தொகை, பெயர்கள் ஆகியவற்றில் ஐயமில்லை. கண்ணீர் யாருடையது என்பதைச் சொல்பவரே தீர்மானிக்கிறார்.

மூன்றாம் தரம், வலுவான வழக்கு. 1799 மே 4ஆம் நாள் நண்பகலுக்குப் பின் கோட்டையின் உடைப்பின் வழியே ஆங்கிலப் படை ஏறியது. ஊதியம் வழங்குவதாகச் சொல்லி மீர் சாதிக் காவலரை அங்கிருந்து அகற்றினார் எனவும், அன்றே மைசூர் வீரர்களால் கொல்லப்பட்டார் எனவும் கூறப்படுகிறது. சுல்தானின் காலத்தவரான மீர் ஹுஸைன் அலி கிர்மானி, தாம் பாரசீகத்தில் எழுதிய 'நிஷானே ஹைதரி'யில் துரோகத்தைப் பேசுகிறார். பிற்கால ஆய்வாளர் முஹிப்புல் ஹஸனும் 1951இல் வெளியிட்ட தம் நூலில் அதனை ஏற்கிறார். எனினும் தோற்றவர் தரப்பின் நினைவு, தோல்விக்கான பழியை ஒரு மனிதர் மீது குவிக்க விழையும் என்பதை மறத்தலாகாது. அமைச்சர் பூர்ணய்யா பின்னர் ஆங்கிலேயர் அமைத்த மைசூர் அரசில் திவானாக இருந்தது ஆவணச் செய்தி. அதைக்கொண்டு அவர் முன்பே சதி செய்தார் என்பது ஊகம். இரண்டையும் ஒரே காட்சியில் கலந்து காட்டினால் பார்வையாளரால் பிரிக்க இயலாது.

நான்காம் தரம், உரையாடல்கள். அரண்மனை அறையில் இருவர் மட்டும் பேசிய பேச்சை எவர் எழுதிவைத்தார்? மாணவர் ஒப்புவித்த உரை இத்தரத்தது. இவை புதின ஆசிரியரின் உரிமைநிலம். அங்கு அவரைப் பொய்யர் என்று குற்றம் சாட்டுவதும், அங்கிருந்து ஒரு சொல்லை எடுத்துச் சான்றாக வைப்பதும் ஒருசேரத் தவறாகும்.

ஆயினும் சுல்தானின் அகத்தை அறிய நாம் புதினத்தை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை. அவர் தம் கைப்படப் பாரசீகத்தில் எழுதிய 'குவாப் நாமா' என்னும் கனவுக் குறிப்பேடு, கோட்டை வீழ்ந்தபின் அவரது படுக்கையறையில் கிடைத்தது. இன்று இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அதில் 37 கனவுகள் பதிவாகியுள்ளன. மற்றவர் கண்ணுக்கு மறைத்து எழுதிய அந்த ஏட்டில் காணும் மனிதர், மேடைகளில் நாம் நிறுத்தும் அசையாச் சிலையினின்று வேறானவர். கவலையும் எதிர்பார்ப்பும் உடையவர். மக்களுக்குச் சுல்தானின் வாள் தெரிந்த அளவுக்கு இந்த ஏடு தெரியாது. அவ்வாள்களுள் ஒன்று 2023 மே மாதம் இலண்டன் ஏலத்தில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது செய்தியாயிற்று. கனவேடு நூலகத்திலேயே அமைதியாக இருக்கிறது.

நேசம் விதிக்கும் கடமை

இப்னு கல்தூன் (ரஹ்) தம் முகத்திமாவில், வரலாற்றுச் செய்திகளில் பொய் நுழைவதற்கான காரணங்களை வரிசைப்படுத்தும்போது, ஒரு கருத்தின் மீதோ பிரிவின் மீதோ கொண்ட பற்றையே முதலில் வைக்கிறார். இது எதிரிகளுக்கு மட்டும் சொன்ன அறிவுரையன்று.

சுல்தானைப் பழித்துப் புனைந்தவை உண்டு. மதமாற்றத்துக்கு அஞ்சி மூவாயிரம் பிராமணர் உயிர்நீத்தனர் என்றொரு செய்தி பாடநூலில் இடம்பெற்றிருந்தது. 1928இல் அலகாபாத்தில் பி. என். பாண்டே அதைக் கண்டு, நூலாசிரியரிடம் ஆதாரம் கேட்டார். மைசூர் கெசட்டியர் என்று விடை வந்தது. மைசூர்ப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டபோது, கெசட்டியரில் அப்படி எதுவுமே இல்லை என்று தெரியவந்தது. ஒரு கடிதம் எழுதிக் கேட்கும் வரை அப்பொய் மாணவர் பலரின் ஏட்டில் உண்மையாக வாழ்ந்தது. மறுபுறம், 1791இல் மராட்டியக் குதிரைப்படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, வருந்தி மடாதிபதிக்குக் கடிதம் எழுதி, சாரதை திருவுருவை மீண்டும் நிறுவப் பொருளும் அனுப்பியவர் சுல்தான். அக்கன்னடக் கடிதங்கள் 1916இல் கண்டெடுக்கப்பட்டன. இவை கற்பனைக் காட்சிகளினும் வலிமையான சான்றுகள்.

ஆனால் மலபாரிலும் குடகிலும் எழுந்த கிளர்ச்சிகளை அடக்கியபோது சுல்தானின் படை கடுமையாக நடந்துகொண்டதையும், மக்கள் கூட்டங்கூட்டமாகச் சிறைபிடிக்கப்பட்டதையும், தண்டனையாக மதமாற்றம் நிகழ்ந்ததையும், மங்களூர்க் கத்தோலிக்கர் சிறைவாழ்வையும் நாம் வாய்மூடிக் கடந்துவிட இயலாது. சுல்தானின் கடிதங்களை மொழிபெயர்த்து 1811இல் வெளியிட்ட கிர்க்பாட்ரிக் பகைமை கொண்டவர். அவர் தேர்ந்தெடுத்ததில் உள்நோக்கம் உண்டு. அது அவரைக் குறுக்குவிசாரணை செய்யக் காரணமாகுமே தவிர, செய்தியை முழுதும் தள்ளக் காரணமாகாது. இவை பெரிதும் அரசியல் தண்டனைகள் என்பார் வாதத்துக்கும் வலு உண்டு. மாப்பிள்ளை முஸ்லிம்களின் கிளர்ச்சியையும் அவர் அடக்கினார், ஹைதராபாத் நிஜாமோடும் ஆர்க்காட்டு நவாபோடும் மைசூர் பகைத்தே நின்றது. எனினும், காரணத்தை விளக்குவதால் துன்புற்றவரின் துன்பம் இல்லாமல் போய்விடாது. நம் மேடைகளில் முழு வரலாற்றையும் சொன்னால்தான், நம்மைப் பற்றிச் சொல்லப்படும் பொய்யை மறுக்கும்போது பிறர் செவிகொடுப்பர்.

எவ்வாறு பார்ப்பது?

தொடரைப் பார்க்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. புள்ளலூர் என்னும் பெயரையே அறியாத பலரை வரலாற்றின் வாயிலுக்கு அழைத்து வந்தது அத்தொடர். தொடரின் முற்பகுதியில் பெரும்பங்கு ஹைதர் அலியின் எழுச்சிக்கு ஒதுக்கப்பட்டது. 1755இல் திண்டுக்கல்லின் பவுஜ்தாராகி அவர் வலிமை பெற்ற வரலாறு நம் மண்ணின் வரலாறும் ஆகும். ஆர்க்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரே சுல்தானுக்கு இடப்பட்டது என்பது வழக்கு.

ஆனால் பார்த்த பின் மூன்று வினாக்களை எழுப்பப் பழக வேண்டும். இக்காட்சி புதினத்தில் உள்ளதா, தொடரில் சேர்க்கப்பட்டதா? புதினத்தில் உள்ளதெனில் அதற்கு ஏட்டில் மூலம் உண்டா? மூலம் உண்டெனில் அதை எழுதியவர் யார், அவருக்கு அதில் என்ன நாட்டம்? இவ்வினாக்களோடு பார்ப்பவருக்கு நாடகத்தின் சுவை குறைவதில்லை. கலைஞர் எங்கே தம் கைவண்ணத்தைக் காட்டினார் என்பதும் அவருக்கே நன்கு புலப்படும்.

ஒரு செய்தி எஞ்சியுள்ளது. சுல்தான் வீழ்வதோடு கதைகள் முடிந்துவிடுகின்றன. வரலாறு அங்கு முடியவில்லை. அவரது மக்களும் குடும்பப் பெண்டிரும் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் அக்கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மைசூர்க் கொடியை ஏற்றினர். அன்றே அக்கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. சுல்தானின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். அக்குடும்பத்தார் சிலரின் கல்லறைகள் இன்றும் வேலூரில் உள்ளன.

அந்த மாணவரை அடுத்த விடுமுறையில் அங்குச் சென்று வருமாறு அனுப்பினேன். திரும்பி வந்தவர், கல்லறைகளின் முன் நின்றபோது தொடரில் கேட்ட வசனம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்றார். மறு ஆண்டும் அவர் சுல்தானைப் பற்றியே பேசினார். அவ்வுரையில் மூன்று இடங்களில் 'எனக் கூறப்படுகிறது' என்று நிறுத்திச் சொன்னார். அவையில் எவரும் கண் கலங்கவில்லை, பரிசும் கிடைக்கவில்லை. நானும் அன்றிலிருந்து சிங்கத்தையும் நரியையும் மேடைக்கு அழைப்பதில்லை.